சொல் விளக்கம்: நிறமூன்றி (மார்டன்ட்)

பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் பருத்தியைத் தாமாகப் பற்றிக்கொள்வதில்லை. இழைக்கும் சாயத்துக்கும் நடுவே ஓர் உலோக உப்பு நின்று இரண்டையும் பிணைக்க வேண்டும். அந்த உப்புதான் நிறமூன்றி. படிகாரம் இதில் முதன்மையானது. கறுப்பும் சாம்பலும் வேண்டுமென்றால் அன்னபேதி (இரும்பு சல்பேட்).

'மார்டன்ட்' பிரெஞ்சு வழியாக வந்த சொல். கடித்தல் என்று பொருள்படும் 'மோர்தேரே' என்ற லத்தீன் வினை அதன் வேர். உப்பு இழையைக் கடித்துத் துளை திறக்கிறது, அதில் சாயம் நுழைகிறது என்று பழைய சாயக்காரர்கள் கருதினார்கள். உண்மையில் நடப்பது வேறு: படிகாரத்தில் உள்ள அலுமினிய அயனி ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்து, நீரில் கரையாத கூட்டுப்பொருளாகிவிடுகிறது. அதனால் ஊன்றுதல் என்ற தமிழ் வினை மூலச்சொல்லைவிடப் பொருத்தம். 'நிறம் நிறுத்தி' என்பதும் சரியே. 'நிலைப்படுத்தி' மட்டும் வேண்டாம். அது சாயமேற்றிய பிறகு போடும் ஃபிக்சருக்கு உரியது. நிறமூன்றி பெரும்பாலும் சாயத்துக்கு முன்பே துணியில் ஏறுகிறது, நிறத்தையே மாற்றவும் செய்கிறது.

சோழமண்டலக் கரையில் சிவப்புச் சாயத்துக்குப் பயன்பட்ட செடிவேரான சாயவேரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே துணியில் ஓரிடத்தில் படிகாரக் கரைசலும் இன்னோரிடத்தில் இரும்புக் கரைசலும் தீட்டி, ஒரே அண்டாவில் வேகவைத்தால், முதல் இடம் சிவக்கும். இரண்டாவது ஊதாவாகவோ கருமையாகவோ மாறும். எதுவும் தீட்டாத இடத்தில் ஏறும் மங்கல் சாயம் அலசலில் போய்விடும். துணியில் கையால் தீட்டும் கலம்காரி ஓவியத்தின் அடிப்படையே இதுதான். எகிப்தியர் இப்படிச் சாயமிட்டதை முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி வியந்து எழுதியிருக்கிறார்.

ஒரு கிலோ பருத்திக்கு அளவு இது. முதலில் சலவைச் சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் எண்ணெய்ப்பசையையும் நீக்க வேண்டும். பிறகு 150 முதல் 200 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்த வேண்டும். பருத்தி படிகாரத்தைச் சரியாகப் பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்புப்பொருள்தான் பிடித்துக்கொடுக்கும். அடுத்து 150 கிராம் படிகாரத்தைத் தனியே வெந்நீரில் கரைத்து, துணி தாராளமாக மிதக்கும் அளவு நீரில் ஊற்றி, 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாக லேசாக ஓர் அலசல்.

அந்த அலசலைத் தவிர்த்தால், ஒட்டாத படிகாரம் சாயநீரிலேயே சாயத்தைத் திரியவைக்கும். அது துணிமேல் மாவாகப் படிந்து, தேய்த்தால் கையில் வரும். திட்டுத்திட்டாக நிறம் ஏறினால் குறை பெரும்பாலும் முதலில் சோடாவில் கொதிக்கவைத்ததில்தான். அன்னபேதி கிலோவுக்கு 20 கிராமைத் தாண்ட வேண்டாம். மிஞ்சினால் நாளடைவில் துணி இற்றுப்போகும். அன்னபேதி பட்ட பாத்திரத்தில் மஞ்சளோ சிவப்போ ஏற்றினால் நிறம் மங்கும், ஆகவே பாத்திரம் தனியாக இருக்கட்டும். மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) நிறமூன்றிதான், ஆனால் கழிவுநீரில் நஞ்சு, வீட்டில் தொடாதீர்கள்.

கல்லுப்பும் வினிகரும் நிறமூன்றிகள் அல்ல. திருப்பூரில் ரியாக்டிவ் சாயத்தோடு போடும் உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளுகிறது. சோடா அதை நூலோடு நேரடியாகப் பிணையச் செய்கிறது. அங்கே நடுவில் உலோகத்துக்கு வேலையில்லை. அவுரி நீலத்துக்கும் நிறமூன்றி வேண்டாம்.