பழைய டீசல் கார் ஹீட் ஆகுதா? எப்போ ஆகுதுன்னு முதல்ல பாருங்க

ஆழியார் தாண்டி வால்பாறை ரோட்டுல ஏற ஆரம்பிச்சா மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. எங்க பழைய டீசல் கார் ஒன்பதாவது வளைவு, அதாவது எல்லாரும் நின்னு டேமைப் பாக்குற லோம்ஸ் வியூ வரைக்கும் ஒழுங்கா வரும், அதுக்கப்புறம் டெம்பரேச்சர் முள்ளு மெல்ல மெல்ல ஏறி சிவப்பைத் தொட்டுரும். ஆனா பொள்ளாச்சி டவுனுக்குள்ள டிராஃபிக்ல அரை மணி நேரம் நின்னாலும் ஒண்ணும் ஆகாது. பாதி பதில் இதுலயே இருந்திருக்கு. அது புரியாம தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுற வால்வு) மாத்துனோம், வாட்டர் பம்ப் மாத்துனோம், ரேடியேட்டர் மூடி கூட புதுசு போட்டோம், முள்ளு மட்டும் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு.

என்ன நடக்குதுன்னு கொஞ்சம் உள்ள போய் பாப்போம். நாம ஊத்துற டீசல்ல இருக்குற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுது, இன்னொரு பங்கு சைலன்சர் வழியா சூடா வெளிய போயிரும், மிச்ச பங்குல பெரும்பகுதி இன்ஜினைச் சுத்தி ஓடுற தண்ணி, அதாவது கூலண்ட் தலையிலதான் விழும். மலை ஏறும்போது இன்ஜின் 30 கிலோவாட் வேலை செய்யுதுன்னு வச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளிய தள்ளணும். வீட்டு பாத்ரூம்ல இருக்குற 2 கிலோவாட் கீசர் 15 ஒரே நேரத்துல ஓடுனா எவ்ளோ சூடோ அவ்ளோ! சிலிண்டருக்குள்ள எரியுற வாயு ஒரு கணம் 2000 டிகிரியைத் தாண்டும், அலுமினியமோ 660 டிகிரியிலயே உருகிரும், அப்பவும் சிலிண்டருக்கு மேல மூடியா இருக்குற ஹெட் உருகாம நிக்குதுன்னா அந்தப் பக்கம் ஓடுற தண்ணி சூட்டை விடாம எடுத்துட்டுப் போறதாலதான்.

பழைய டீசல் இன்ஜின்ல இன்னொரு விஷயம் உண்டு. இப்போ வர்ற காமன் ரெயில் வண்டியில டீசல் நேரா பிஸ்டன் மேல பீய்ச்சப்படும். பழசுல பெரும்பாலும் ஹெட்டுக்குள்ளயே ஒரு சின்ன அறை இருக்கும், டீசல் அதுக்குள்ள பத்திக்கிட்டு, எரியுற வாயு ஒரு குறுகலான வாய் வழியா பெரும் வேகத்துல சிலிண்டருக்குள்ள பாயும். சூடு படுற இடம் அதிகம்ங்கிறதால தண்ணிக்குப் போற சூடும் அதிகம், அதனால ரேடியேட்டர் கொஞ்சம் மந்தமானாக்கூட இந்த வண்டிங்க தாங்காது.

இப்போ "எப்போ"ங்கிற கேள்விக்கு வருவோம். பெட்ரோல் வண்டியில ஐடிலிங்ல உள்ள போற காத்தையும் சேர்த்துக் குறைச்சு வைப்பாங்க, டீசல்ல அப்படி இல்ல, காத்து தாராளமா உள்ள போகும், டீசல் மட்டும் துளித்துளியா விழும், அதனால நின்னுக்கிட்டு ஓடுற டீசல் இன்ஜின் ரொம்ப கம்மியாத்தான் சூடாகும். அப்படிப்பட்ட வண்டி டிராஃபிக்ல நிக்கும்போது ஹீட் ஆகி, ரோட்டுல ஓட ஆரம்பிச்சதும் சரியாகுதுன்னா முதல்ல ஃபேனைத்தான் சந்தேகப்படணும். தண்ணி சூடானதும் ஃபேனை ஓடவிடுற ஸ்விட்ச்சுக்கு வர்ற ரெண்டு வயரையும் சேர்த்துப் பாருங்க, ஃபேன் சுத்துச்சுன்னா ஸ்விட்ச் அவுட்டு, சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையா பாக்கணும். டிராஃபிக்ல நல்லா இருந்து மேட்டுல மட்டும் ஏறுச்சுன்னா ஃபேனை ஓரளவு மறந்துரலாம். தண்ணி ஓட்டம் பத்தலையா, ரேடியேட்டர் சூட்டை விடலையா, பிரேக் பிடிச்சுக்கிட்டே இன்ஜினுக்கு வீண் லோடு ஏறுதாங்கிறதுதான் அங்க கேள்வி.

ஸ்டார்ட் பண்ணின உடனே வர்ற பிரச்சனை தனி ரகம், பயப்பட வேண்டியதும் அதுதான். காலையில இன்ஜின் முழுசா ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டருக்கு மேல வர்ற ஓஸை அமுக்கிப் பாருங்க. தண்ணி சூடாகி விரிஞ்சாத்தான் அது இறுகணும், அதுக்கு நேரம் எடுக்கும். ரெண்டே நிமிஷத்துல, தண்ணி இன்னும் பச்சத் தண்ணியா இருக்கும்போதே ஓஸ் கல்லு மாதிரி ஆயிருச்சுன்னா ஹெட்டுக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கெட் வழியா சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள வருதுன்னு அர்த்தம். உறுதி பண்ண நீல நிற திரவம் ஊத்துன ஒரு டெஸ்டர் இருக்கு, ரேடியேட்டர் வாயில வச்சு உறிஞ்சினா கார்பன் டை ஆக்சைடு பட்டு நிறம் மாறும், பெட்ரோல் வண்டின்னா மஞ்சள், டீசல்னா பச்சை. ஆயில் மூடியில பால் மாதிரி வெள்ளையா இருக்கு, ஆயில்ல தண்ணி கலந்துருச்சுன்னு மட்டும் நினைச்சு ஹெட்டை இறக்கிராதீங்க, குட்டிக் குட்டி தூரமே ஓடுற வண்டியில ஈரம் படிஞ்சும் அப்படி வரும், டிப்ஸ்டிக்கை உருவி கீழ இருக்குற ஆயிலையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

எங்க வண்டியில ஓஸ் இறுகலை. சரி, கழட்டிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட்டை டெஸ்ட் பண்ணுவோம்னு ஒரு பழைய பால் குண்டாவுல தண்ணி ஊத்தி, நூல்ல கட்டி தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டரை வச்சு அடுப்பைப் பத்த வச்சேன். அதுக்குள்ள ஒரு செப்பு டப்பியில மெழுகு இருக்கும், அது உருகி விரிஞ்சு கம்பியைத் தள்ளும், வேற கரண்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். அடியில 82னு குத்தியிருந்துச்சு. 80 வரைக்கும் இறுக்கமா மூடியே இருந்துச்சு, 83ல ஒரு நூல் அளவு வாய் திறந்துச்சு, 94ல முழுசா விரிஞ்சு நின்னுச்சு. இருபது வருஷம் ஓடியும் இவ்ளோ துல்லியமா வேலை செஞ்சதைப் பாத்து எனக்கு நிஜமாவே சிலிர்த்துருச்சு, காரணமே இல்லாம அதைத் தூக்கிப் போட்டிருக்கோமேன்னு வருத்தமும்தான். தெர்மோஸ்டாட்டே இல்லாம ஓட்டலாம்னு நிறைய பேர் சொல்வாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. சில இன்ஜின்ல அது திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கிற வேலையையும் செய்யும், அதை எடுத்துட்டா சூடு தண்ணியில ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தி வரும்.

கடைசியில கண்டுபிடிச்சது பொள்ளாச்சியில ஒரு வயசான மெக்கானிக்கு. வண்டியை நல்லா சூடேத்தி, ஆஃப் பண்ணி, ஃபேன் கனெக்டரைக் கழட்டிட்டு (சாவி எடுத்தாலும் ஃபேன் திடீர்னு சுத்தும், விரல் போயிரும்) ரேடியேட்டர் முகத்துல கையை வச்சு மேலயிருந்து கீழ தடவுனாரு. "தம்பி, நீங்களே வச்சுப் பாருங்க"ன்னாரு. மேல் பாதி கை வைக்க முடியாத சூடு, கீழ இறங்க இறங்க வெதுவெதுப்பு, கடைசி நாலு விரக்கடை சில்லுன்னு இருக்கு. "அண்ணே, அப்போ கீழ தண்ணியே போகலையா?" "போனாத்தானுங்க சுடும். வீட்டு போர் தண்ணிதான ஊத்துறீங்க?"

அதேதான். எங்க ரேடியேட்டர்ல குழாய்ங்க படுக்கை வாக்குல இருக்கு, படியுறதெல்லாம் அடி வரிசையிலதான் படியும். போர் தண்ணியில கரைஞ்சிருக்குற கால்சியம் சூடு பட்டா சுண்ணாம்பா மாறி ஒட்டிக்கும், கீசர் காயில்ல வெள்ளையா பொறுக்கு கட்டுதே அதே சரக்கு. இதுல கொடுமை என்னன்னா ஆவியா போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே தங்கிரும், அப்பா வாரா வாரம் அக்கறையா ஊத்துன ஒவ்வொரு சொம்பும் அதுல இன்னும் கொஞ்சம் சேத்துருக்கு. அந்தப் பொறுக்கு சூட்டைக் கடத்துறதுல உலோகத்துக்குப் பக்கத்துலயே வராது. டவுன்ல ஓட்ட மேல் பாதி ரேடியேட்டர் போதுமா இருந்துச்சு, மலையில பத்தல, அவ்ளோதான்.

ரோட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இது தெரியாம கை வெந்தவங்களைப் பாத்திருக்கேன். ரேடியேட்டர் மூடி உள்ள ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், அதனால தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடியில அழுத்தம் போயிரும், மொத்தமும் ஒரே நேரத்துல கொதிச்சு ஆவியா முகத்துல அடிக்கும். குறைஞ்சது அரை மணி நேரம் விடுங்க. அதே மாதிரி சிவப்புல இருந்த முள்ளு திடீர்னு கீழ விழுந்துச்சுன்னா ஆறிருச்சுன்னு சந்தோஷப்பட வேணாம், தண்ணி முழுக்க ஒழுகி சென்சார் வெறும் காத்துல தொங்கினாலும் முள்ளு இறங்கும், உடனே ஆஃப் பண்ணுங்க.

ரேடியேட்டர் கோர் (உள்ள இருக்குற குழாய்ப் பகுதி) புதுசா போட்டு, இன்ஜின் பிளாக்கை ரெண்டு தடவை கழுவி, கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துனோம். காத்து எங்கயும் தங்கக்கூடாதுன்னு வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வச்சு, குமிழி நிக்கிற வரைக்கும் அந்த மெக்கானிக் ஓடவிட்டாரு, முக்கால் மணி நேரம் ஆச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை லோம்ஸ் வியூ தாண்டும்போது அப்பா ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகமா பாத்துக்கிட்டு வந்தாரு, அது பாதியிலயே நின்னுச்சு.