மங்கு என்று நினைத்து ஒன்றரை வருடம்

காரைக்குடியை அடுத்த கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு 22 வயது. கன்னத்தில் கருமை, விரல் மூட்டுகளில் வலி, சீவினால் கொத்தாக முடி. மங்கு என்று களிம்பு தடவி, வலிக்கு மருந்துக் கடை மாத்திரை போட்டே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. என்னிடம் வரும்போது கால் வீங்கி, சிறுநீர் நுரைத்தது. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது.

உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் இது, தொற்றாது. 10 நோயாளிகளில் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். புத்தகங்களில் கன்னத்துத் தடிப்பைச் சிவப்பாகக் காட்டியிருப்பார்கள். நம் நிறத்தில் அது பழுப்பாக, கறுப்பாகத்தான் தெரியும். அதனால் டாக்டர்கள் நாங்களும் தவறவிடுகிறோம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? மூட்டு, வாத நோய்களுக்கான சிறப்பு மருத்துவரைப் பார்க்க மதுரைக்கு அனுப்புகிறேன். காரைக்குடியிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான், மதுரை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். கூட வரும் அம்மாவுக்கும் அன்றைய கூலி போகும். இரண்டு முறை போனார்கள். மூன்றாவது முறை போகவில்லை. "வலி இல்லீங்க டாக்டரம்மா, அதான் மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றார் அம்மா. கல்யாணம் பேசும் பெண் மாத்திரை சாப்பிடுவது வெளியே தெரியக் கூடாது என்ற பயமும் இருந்தது. லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து. நிறுத்தினால் நோய் திரும்பலாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் திரவப் பைகளும் தருகிறது. அதே கையால் லூபஸ் மாத்திரையும் கொடுத்தால் சிலருக்கு அந்தப் பையே தேவைப்படாது. இதை நான் போகும் கூட்டங்களில் எல்லாம் கேட்கிறேன்.

வெயில் இந்த நோயைக் கிளறிவிடும். ஆனால் அவள் போய்க்கொண்டிருந்தது 100 நாள் வேலைக்கு. சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்துப் பயனில்லை, வாங்க முடியாது. முழுக்கைச் சட்டை போடச் சொன்னேன். தண்ணீர் கொடுக்கும் வேலையோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையோ நிழலில் தரும்படி பணித்தளப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கன்னத்துக் கருமை, மூட்டு வலி, வாய்ப்புண், முடி உதிர்தல் எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் போகிறதா (சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது) என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அதற்குக் காசு வாங்குவதில்லை.