கலுங்குல வலை கட்டாதீங்கய்யா

இந்த ஐப்பசிக்கும் ஒரு ஏரிக்கரை உடைஞ்சு போச்சு. தேவிபட்டினத்துக்கு வடக்க, ஈசிஆரை ஒட்டி, ஒரு பண்ணை வீட்டுக்காரங்க படகு விடுறதுக்குன்னு மண்கரை போட்டுத் தேக்கியிருந்த ஏரி. ஆள் சேதம் இல்ல, கீழ வயக்காடு பூரா மணல்.

போய்ப் பாத்தா எப்பவும் பாக்குறதுதான். கலுங்குல (ஏரி நிரம்புனா மிச்சத் தண்ணி வெளிய போற வழி) நைலான் வலை, கேட்டா "கட்லா விட்டிருக்கோம் சார், மீன் போயிருது"ங்கிறாங்க. வலையில சம்பு, ஆகாயத்தாமரை, பேப்பர் தட்டுன்னு அப்பி நிக்குது. அதுக்கு மேல மணல் மூட்டை வேற, இன்னும் ஒரு அடி தண்ணி நின்னா படகு நல்லா ஓடுமாம்.

"கரை ரெண்டாள் உயரம் சார், எப்படிப் போகும்?" இதத்தான் எல்லாரும் கேக்குறாங்க. அய்யா, உயரம் தண்ணிய நிறுத்தி வைக்க மட்டும்தான், வர்ற வெள்ளத்த வெளிய அனுப்புறது கலுங்கு. அத அடைச்சிட்டு கரைய எவ்வளவு ஏத்துனாலும் ஒருநாள் தண்ணி மேல வழியத்தான் செய்யும், வழிஞ்சா மண்ணு நிக்காது, ஏத்துன உயரத்துக்கு உடையும்போது சேதமும் கூடத்தான். நம்ம கண்மாய்ல கலுங்க கல்லுல கட்டி கரைய விடத் தாழ வச்சிருக்காங்களே, சும்மாவா?

1889 மே 31, அமெரிக்கால பென்சில்வேனியா. பணக்காரங்க கிளப் ஒண்ணு மீன் பிடிக்க, படகு விட வச்சிருந்த சவுத் ஃபோர்க் மண் அணை. அங்கயும் மீன் தப்பக்கூடாதுன்னு கலுங்குல கம்பி வலை, வண்டி போக கரை உச்சிய வேற தாழ்த்தியிருந்தாங்க, அடியில இருந்த குழாயெல்லாம் முன்னமே கழட்டியாச்சு, தண்ணிய இறக்க வழியே இல்ல. அணை உடைஞ்சு கீழ ஜான்ஸ்டவுன் பக்கம் 2,200 பேருக்கு மேல செத்தாங்க.

நம்ம கடலோரத்துல மண்ணும் சரியில்ல, ஒண்ணு மணல், இல்லன்னா உவர். காஞ்ச மண்கட்டி ஒண்ண கிளாஸ்ல மழைத்தண்ணி ஊத்தி அதுல போட்டுட்டு தொடாம வைங்க. பால் மாதிரி கலங்குச்சுன்னா அந்த மண்ணுல கரை போடவே போடாதீங்க. ஜேசிபி பக்கெட்டால தட்டுறதுக்குப் பேர் கெட்டிப்பு இல்ல, அரையடி அரையடியா போட்டு ரோலர் விடணும் (ரோலர் வாடகைய மிச்சம் பண்ணவங்கதான் என்னை அதிகமா கூப்பிடுறாங்க). கரையில சீமைக்கருவேலம் முளைச்சா கன்னா இருக்கும்போதே பிடுங்கிருங்க. மரமாயிட்டா வெட்டி மட்டும் விட்டுறாதீங்க, வேர் மக்கி உள்ள ஓட்டை விழும், கோடையில தண்ணி வத்துனப்புறம் தூரோட எடுத்து களிமண் அடைச்சு இறுக்கணும்.

கரை அடியில கசிவு தெளிவா வந்தா தினம் பாருங்க. கலங்கி வந்தா கீழ இருக்கவங்கள முதல்ல கிளப்புங்க, மடையத் திறங்க, அப்புறம் எனக்கு ஃபோன் போடுங்க. போட்டோவ வாட்ஸப்ல தட்டிவிட்டுட்டு "பாத்துச் சொல்லுங்க சார்"னு கரை மேலயே நிக்காதீங்க.