ஓவர்டென்சர் ‘மேற்பல்செட்’ ஆகாது

பெரம்பூர், வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பல் கிளினிக்குகளின் விளக்கத்தாள்களில் ஓவர்டென்சரை ‘மேற்பல்செட்’ என்று எழுதுவது பெருகிவருகிறது. இந்தத் தமிழாக்கம் பிழையானது.

டென்சர் பிரெஞ்சு வழி வந்த சொல். அதன் வேர், பல்லைக் குறிக்கும் லத்தீனின் டென்ஸ். முன்னொட்டு ஆங்கிலம். பிடுங்காமல் விட்டுவைத்த பல்வேர்களின் மீதோ, எலும்பில் பதித்த இம்ப்ளாண்டுகளின் மீதோ கவிந்து அமர்கிற, கழற்றி மாட்டத்தக்க பல்செட்டே ஓவர்டென்சர்.

தமிழில் பல்லைப் பற்றிப் பேசும்போது ‘மேல்’ என்றால் மேல்தாடைதான். வேறு பொருள் எவருக்கும் தோன்றாது. ஓவர்டென்சரோ பெரும்பாலும் கீழ்த்தாடைக்கே செய்யப்படுகிறது. பற்களற்ற கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் தாங்கும் ஓவர்டென்சரே முதல் தெரிவாக வேண்டும் என்று 2002இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர். அதை இவர்கள் வழியில் எழுதினால் ‘கீழ் மேற்பல்செட்’. மேல்தாடைக்கு எழுதினால் ‘மேல் மேற்பல்செட்’! அகராதியில் ஓவருக்கு முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தப் பொருளை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? ‘நிலைப்பல்செட்’ என்போரும் உண்டு. தினமும் கழற்றிக் கழுவுகிற ஒன்று எப்படி நிலைத்ததாகும்?

பல்செட் செய்கிற லேபில் நடப்பதைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். அளவெடுத்த அச்சில், இம்ப்ளாண்டின் தலையிலுள்ள குமிழின் நகலான அனலாக்கைப் பொருத்திக் கல்மாவு ஊற்றினால், வாயில் குமிழ் இருக்கும் அதே இடத்தில் மாதிரியிலும் ஒரு குமிழ் நிற்கும். அதன்மேல் உலோகக் கிண்ணத்தை வைத்து, அடியிலுள்ள இடுக்கை அக்ரிலிக் புகாதபடி அடைத்துவிட்டுத்தான் பல்செட்டை வார்ப்பார்கள். அடைக்காமல் விட்டால் கெட்டியான அக்ரிலிக் இடுக்கில் பூட்டிக்கொண்டு, பல்செட் மாதிரியை விட்டு வராது. கிண்ணத்துக்குள் இருக்கும் ரப்பர் வளையமோ நைலான் செருகியோ குமிழைப் பற்றும்; தையற்கடை பிரஸ் பட்டனைப் போல அழுத்தினால் மாட்டும், இழுத்தால் விடும். ஆக, பல்செட் கவிகிறது, உறுப்பு பற்றுகிறது. முன்னதைக் ‘கவிபல்செட்’ என்றும், பற்றுகிற உறுப்பான அட்டாச்மென்டை ‘பற்றி’ என்றும் சொல்லலாம். ஊறுகாய், சுடுசோறு போலக் கவிபல்செட்டும் வினைத்தொகையே.

செட்டைத் தொகுதியாக்கச் சொல்லும் தூய்மைவாதிகளுக்கு ஒரு சொல்: பல்தொகுதி வாயில் முளைத்த பற்களையும் குறிக்கும், பல்செட் செயற்கையானதை மட்டுமே குறிக்கும். தெளிவை இழந்து தூய்மையை வாங்க வேண்டியதில்லை. கவியைப் புலவன் என்று எவரேனும் மயங்குவார் என்பதும் வீண் அச்சம். பல்செட்டுக்கு முன்னால் புலவனுக்கு என்ன வேலை? லேபுக்கு அனுப்பும் சீட்டில் ‘கீழ்த்தாடை, கவிபல்செட், குமிழ்ப்பற்றி இரண்டு’ என்று எழுதினால், எந்தத் தாடைக்கு என்று கேட்டு டெக்னீஷியன் போன் செய்ய வேண்டியிராது.