செற்றப், அமைப்பு, வாகு

மருமகன், என் அக்காவின் மகன், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வழிகாட்டியில் 'கார் அமைப்பு' என்ற சொல் 41 தடவை வருகிறது. பந்தயத்துக்குக் காரைச் சரிப்படுத்தி வைக்கிற நிலைக்கு ஆங்கிலத்தில் செற்றப் (setup) என்பார்கள், அதற்குப் போட்ட தமிழ் அது. எண்ணிப் பார்த்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து மின்சாரம் இல்லை, வேறு வேலையும் இல்லை. இணையத்தில் ஆடும் கார்ப் பந்தய முகாமை விளையாட்டு ஒன்றுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக அவனுடைய கூட்டாளி ஒருவர் தமிழில் எழுதியது. நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் முதல் பக்கத்திலேயே, இத்தாலியின் மொன்சாத் தடத்தில் நடக்கும் பந்தயத்தைப் பற்றி, 'மொன்சாவுக்கு முன் உங்கள் அமைப்பை மாற்றுங்கள்' என்று கண்டதும், அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இலங்கையில் அமைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரசியலமைப்பு. அடுத்தது தலைவர், செயலாளர், பொருளாளரோடு பதிவு செய்த ஏதாவது ஒரு அமைப்பு. அப்புறம் கட்சிகளின் தொகுதி அமைப்பாளர்கள். 'கார் அமைப்பு' என்று திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் ஒரு பெயர்ப்பலகை தொங்கினால், வாடகைக் கார்ச் சாரதிகள் சங்கம் தொடங்கிவிட்டார்கள் என்று ஆட்கள் உள்ளே போய்ச் சந்தா கேட்பார்கள்.

சொல்லைப் பற்றிப் பேச முதல் பொருள் என்னவென்று பார்க்க வேண்டும். மருமகன் ஆடுவது கிராண்ட் பிரி ரேசிங் ஒன்லைன். காரை நீங்கள் ஓட்டுவதில்லை. ஓட்டுநரைச் சம்பளத்துக்கு வைத்து, காரைத் தயார் செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பந்தயம், மத்திய ஐரோப்பாவின் நேரப்படி இரவு 8 மணிக்கு. திருகோணமலையில் அப்போது நள்ளிரவு தாண்டி 12.30, அங்கே கோடை என்றால் 11.30. அக்கா அவனை ஏசுவதற்குக் காரணம் அதுதான்.

தயார் செய்வது எப்படி? முன் இறக்கை, பின் இறக்கை, எஞ்சின், பிரேக், கியர், சஸ்பென்ஷன் (சில்லுகளுக்கு மேலே காரைத் தாங்குகிற ஸ்பிரிங் பகுதி) என்று ஆறு இடங்களில் ஒவ்வொரு எண் போட வேண்டும். 0 முதல் 999 வரை எதுவும் போடலாம். பயிற்சிக்கு 8 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் முடிய ஓட்டுநர் வந்து குறை சொல்வார்: நேர்ப்பாதையில் வேகம் போதாது, வளைவில் பிடி இல்லை, சஸ்பென்ஷன் விறைப்பாக இருக்கிறது. எதைப் பற்றி வாய் திறக்கவில்லையோ, அது அவருக்குச் சரி. பழகின ஆட்கள் முதலில் எல்லாவற்றுக்கும் 500 அளவில் போட்டு, குறையைக் கேட்டு மேலேயோ கீழேயோ பாதித் தூரம் நகர்வார்கள். பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. கணக்குப்படி 1000 இடங்களை எட்டுத் தடவை பாதியாக்கினால் நாலுக்கும் குறைவாக ஒடுங்கிவிடும். ஆனால் ஓட்டுநர் அதற்கு முன்னரே வாயை மூடிவிடுவார். அவர் மௌனம் காக்கிற வெளியின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கண்டுபிடித்து நடுவில் வைப்பதில்தான் சூட்சுமம். ஓட்டுநர் அனுபவசாலி என்றால் அந்த வெளி ஒடுக்கம், கண்டுபிடிப்பது லேசு.

இவ்வளவும் பாடுபட்டுப் பிடித்த எண்கள் அந்தத் தடத்துக்கு, அந்த வெயிலுக்கு மட்டும்தான். பந்தய நேரத்தில் வெப்பநிலை மாறினால், மழை வந்தால், காரின் பாகங்கள் தேய்ந்தால் எண்களும் நகரும். அடுத்த தடத்துக்குத் திரும்பவும் முதலிலிருந்து. உண்மையான ஃபோர்முலா 1 பந்தயத்திலும் இதுதான் கதை. நீண்ட நேர்ப்பாதைகள் உள்ள மொன்சாவுக்கு இறக்கையைப் படுக்க வைப்பார்கள், வளைவே வாழ்க்கையான மொனாக்கோவுக்கு நிமிர்த்துவார்கள். ஆக, நாம் பேசுகிற பொருள் காரின் கட்டுமானம் அல்ல. ஒரு தடத்துக்கு, ஒரு நாளுக்கு அந்தக் கார் பொருந்தி நிற்கிற விதம்.

இனிச் சொல் வரலாறு, சுருக்கமாக. ஆங்கிலத்தின் செற்றப் என்பது 'வைத்தல்', 'மேலே' என்ற இரண்டு துண்டுகள் ஒட்டியது. கூடாரம் அடிப்பதற்கும் அதுதான், கணினியை ஏற்பாடு செய்வதற்கும் அதுதான். காரைச் சரிப்படுத்துகிற வேலைக்கு வழங்கும் ட்யூன் என்பது டோன் என்ற சொல்லின் மாறிய வடிவம். டோனுக்கு மூலம் கிரேக்கத்தின் டோனோஸ், இழுத்துக் கட்டுதல். யாழ் நரம்பை முறுக்கிய சொல் காலப்போக்கில் எஞ்சினை முறுக்க வந்திருக்கிறது. நாங்கள் ரியூனிங் என்று எழுதுகிறோம், கடலுக்கு அப்பால் ட்யூனிங் என்று எழுதுகிறார்கள். ரயர், டயர் சண்டை மாதிரித்தான். அதை விடுவோம்.

'அமைப்பு' என்று எழுதியவரைக் கேட்டேன். தம்பி பணிவாகத்தான் பதில் சொன்னார். "ஐயா, போனில செற்றிங்ஸ் எண்டுறதுக்கு அமைப்புகள் எண்டுதானே போட்டிருக்கு. பழகின சொல்தானே."

பழகின சொல்தான். அதுதான் வில்லங்கம். 'அமை' என்ற வேர் உயர்ந்த வேர். பொருந்துதல், அடங்குதல், நிறைதல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அமைதி அதிலிருந்து வந்தது. பழைய செய்யுளில் மூங்கிலுக்குக்கூட அமை என்று பெயர். வேரை மட்டும் பார்த்தால் 'பொருந்தச் செய்தது' என்ற பொருளில் அமைப்பு சரியாகவே வரும் என்று தம்பிக்காக நானே வாதாடலாம். ஆனால் யாரும் வேரைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்றைக்குப் படிக்கிறவன் மனதில் அமைப்பு என்றால் நிறுவனம், கட்டுமானம், நிலைத்து நிற்கும் ஒன்று. கட்டமைப்பு, உடலமைப்பு, அரசியலமைப்பு என எல்லாம் அசையாத சாமான்கள். நாளைக்கு மழை வந்தால் மாறப்போகிற ஆறு எண்களுக்கு அசையாத பெயர் வைத்தால் எப்படி?

போனில் வருகிற அமைப்புகளும் இதற்கு ஒப்பல்ல. அங்கே எழுத்தின் அளவையோ மணியின் ஒலியையோ ஒரு தடவை வைத்துவிட்டு வருடக்கணக்கில் அந்தப் பக்கம் போகமாட்டோம். பந்தயத்தில் வாரம் இரண்டு தடவை மாற்றுகிறோம்.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. அமைப்பு என்பது பெயராகவும் நிற்கிறது, அமைத்தல் என்று வினையாகவும் வந்து ஏறுகிறது. வழிகாட்டியிலிருந்து ஒரு வரி: 'காரின் அமைப்பை அமைக்கும்போது முந்தைய அமைப்புகளின் அமைப்பைக் கவனித்து அமைத்துக்கொள்ளவும்.' பிழை திருத்தியே வயிறு வளர்த்தவன் நான். இப்படி ஒரு வரியை முன்னர் பார்த்ததில்லை. இதில் முதலாவது அமைப்பு ஆறு எண்கள், இரண்டாவது பழைய பந்தயங்களின் எண்கள், மூன்றாவது அவை மாறிப் போன விதம். மூன்றுக்கும் ஒரே சட்டை. தம்பி தமிழில் யோசித்து எழுதியிருந்தால் இரண்டாவது அமைப்பு வரும்போதே காது உறுத்தியிருக்கும்.

இசைவிப்பு என்று கலைச்சொல் பட்டியல்களில் ஒரு சொல் கிடக்கிறது, ட்யூனிங்குக்கு. அதை நான் லேசில் தள்ளமாட்டேன். ஆங்கிலத்தில் சங்கீதம் இருக்கிறது என்பதற்காக இசையைச் செருகினார்கள் என்று சிலர் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் போதாது. இசைதல் என்றால் பொருந்துதல்தான், பாட்டு அதற்குள் ஒரு பகுதி. பாலையூற்றில் எங்கள் ஓட்டோவைப் பார்க்கிற கராஜ்காரர் காபரேற்றர் ஆணியை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். அது நூற்றுக்கு நூறு இசைவிப்பு. ஆனால் அது செயலின் பெயர், முடிவில் கையில் நிற்கிற நிலையின் பெயர் அல்ல. அந்த நிலையை 'இசைவு' என்று சொல்லப் பார்த்தால், அது சம்மதம். 'காரின் இசைவைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுத வேண்டி வரும். பெண் பார்க்கப் போனது போல இருக்கும்.

சரி, செற்றப் என்றே விட்டுவிடலாமே என்றான் மருமகன். விடலாம். எனக்குக் கடன் சொல் மேல் கோபம் இல்லை, பிரேக்கையும் கியரையும் நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் 'செட்டப்' ஏற்கெனவே தமிழுக்குள் வந்து வேறு தொழில் பார்க்கிறது. 'எல்லாம் செட்டப்' என்றால் நாடகம், ஏமாற்று. 'அவருக்கு ஒரு செட்டப் இருக்கு' என்றால் அது இன்னும் மோசம். 'நல்ல செட்டப்பால்தான் வென்றேன்' என்று மருமகன் அம்மம்மாவிடம் சொல்லட்டும் பார்ப்போம்.

என் கட்சி வாகு.

எங்கள் வாயில் தினமும் புழங்குகிற சொல் இது. கைக்கு வாகாக இருக்கிறது என்கிறோம். வாகான இடம் பார்த்து இருக்கிறோம். உடல்வாகு என்கிறோம். சின்ன வயதில் மாமா சைக்கிள் வாங்கித் தந்தபோது, "காலுக்கு வாகா சீற்றை இறக்கு" என்றுதான் கடைக்காரரிடம் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்குள் இந்த விளையாட்டின் முழுத் தத்துவமும் இருக்கிறது: சைக்கிள் அதே சைக்கிள், ஓடுகிற ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒரு சாமானை ஏற்றி இறக்கினார்கள். மொன்சாவுக்கு ஒரு வாகு, மொனாக்கோவுக்கு ஒரு வாகு. மழை வாகு, வெயில் வாகு. வினை வேண்டுமென்றால் வாகாக்குதல். 'முந்தைய வாகுகளைப் பார்த்துக் காரை வாகாக்குங்கள்.' மூச்சு முட்டவில்லை பாருங்கள்.

தூய தமிழ்க்காரர் ஒருவர் உடனே கையை உயர்த்துவார், வாகு வடமொழி என்று. அகராதியில் அந்தத் தலைப்பில் வெவ்வேறு பொருள்கள் உண்டு. தோள் என்ற பொருளில் வருவது வடமொழியின் பாஹு. கந்தசட்டியில் சூரனிடம் தூது போகிற வீரவாகுவின் பெயரில் இருப்பது அது. அழகு, ஒழுங்கு என்ற பொருளில் வருவது மற்றது. சீற்றை இறக்கச் சொன்ன மாமா தோளைப் பற்றிப் பேசவில்லை.

பயிற்சிச் சுற்றுக்கும் சொல் தேட வேண்டியதில்லை, பதம் பார்த்தல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்கிற அதே பதம். எட்டுச் சுற்றும் எட்டுப் பருக்கை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வழிகாட்டியின் ஐந்தாம் பக்கத்தில் 'முன் இடைநீக்கத்தை மென்மையாக்குங்கள்' என்று இருக்கிறது. சஸ்பென்ஷனாம். அரச உத்தியோகத்தரை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் என்பதால், மொழிபெயர்ப்பு இயந்திரம் அதை எடுத்துக் காரின் சில்லுக்கு மேலே மாட்டிவிட்டது. இது தம்பியின் கண்டுபிடிப்பு அல்ல. தமிழில் வருகிற கார் விமர்சனங்களில் நிறைந்து கிடக்கிறது: 'இந்தக் காரின் இடைநீக்கம் மிகவும் வசதியானது.' எந்த உத்தியோகத்தருக்கு அது வசதியாக இருந்ததோ தெரியாது. எங்கள் கிழவர்கள் இதற்கு எப்பவோ பெயர் வைத்துவிட்டார்கள். அடியில் ஸ்பிரிங் பூட்டிய மாட்டு வண்டிக்கு வில்வண்டி என்று பெயர். வில் இருக்கிறது, விறைப்பு இருக்கிறது, 'வில்லைக் கொஞ்சம் தளர்த்து' என்றால் எந்தக் கராஜிலும் விளங்கும்.

ஏழாம் பக்கத்தில் 'மூடிய பூங்கா'. இது பிரெஞ்சிலிருந்து வந்த பார்க் ஃபெர்மே. ஃபோர்முலா 1 பந்தயத்தில் 2003 முதல், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் இடையில் காரின் வாகினை இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி கார்களை அடைத்து வைக்கிற விதி. பூங்கா என்றதும் பிள்ளைகள் ஊஞ்சலைத் தேடும். மூதூரிலும் கிண்ணியாவிலும் மாடு வளர்க்கிறவர்களைக் கேட்டால் ஒரே சொல்லில் சொல்வார்கள், பட்டி. கார்களைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள், இனித் தொட ஏலாது. அவ்வளவுதான்.

காற்று காரை நிலத்தோடு அழுத்துவதற்குத் 'தாழமுக்கம்' என்று போட்டிருந்ததை மட்டும் நான் திருத்தவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் வானொலியின் புயல் எச்சரிக்கையில் அந்தச் சொல்லைக் கேட்டுப் போட்டைக் கரைக்கு இழுக்கிற ஊர் இது. யாராவது சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

சிவப்பு மையில் திருத்தி, படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் புதிய பிரதி வந்தது. 41 அமைப்பும் போய்விட்டது. வாகு ஒன்றுகூட இல்லை, எல்லா இடத்திலும் 'செற்றப்'. இடைநீக்கம் அப்படியே இருக்கிறது.