மருந்துக்குக் கேட்காத எம்.எஸ்.: முன்கூட்டியே எப்படித் தெரியும்?

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால், கேட்டதா இல்லையா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் எம்.எஸ். அப்படியல்ல. நம் நோயெதிர்ப்புச் செல்களே மூளை, தண்டுவட நரம்புகளின் மையலின் உறையை அரிக்கும் நோய் இது. கால் மரத்துப்போவது போன்ற தொல்லை திடீரென வந்து சில நாள் இருந்தால் அதைத் தாக்குதல் என்கிறோம். இதற்கான மருந்துகள் இனி வரும் தாக்குதலைத் தடுப்பதற்குத்தான். தாக்குதல் வரவில்லை என்றால், அது மருந்தால் வராமல் போனதா, தானாகவே வராமல் இருந்ததா?

ஆள் நன்றாக நடமாடுவதையும் நம்ப முடியாது. வெளியே தெரியும் ஒரு தாக்குதல் வருவதற்குள், மூளையில் 5 முதல் 10 புதிய புள்ளிகள், அதாவது நோய் அரித்த இடங்கள், சத்தமில்லாமல் வந்திருக்கலாம். அவை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும்.

எம்.எஸ்.ஸுக்கான மருந்துகளில் ஒன்றான இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போடுபவர்களுக்கு 'ரியோ மதிப்பெண்' என்று ஒரு கணக்கு உண்டு. பார்சிலோனா மருத்துவர் ஜோர்டி ரியோவின் குழு 2009இல் தந்தது. 2013இல் அதை எளிமையாக்கினார்கள். முதல் வருடத்தில் ஒரு தாக்குதல் என்றால் 1, அதற்கு மேல் என்றால் 2. ஸ்கேனில் 4க்கு மேல் புதிய புள்ளிகள் இருந்தால் இன்னொரு 1.

ஒரு பெண்ணுக்குப் பதினைந்து நாள் வலது கால் மரத்துப்போய்ச் சரியானது என்று வைத்துக்கொள்வோம்: 1. ஸ்கேனில் 6 புதிய புள்ளிகள்: ஆக 2. அவர் இப்போது வேலைக்குப் போகிறார், ஆனாலும் மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. 0 என்றால் அதே ஊசி தொடரலாம். 1 இரண்டுங்கெட்டான், இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும்.

சரி, எந்த ஸ்கேனோடு ஒப்பிடுவது? மருந்து பிடிக்கவே சில மாதங்கள் ஆகும். அதற்குள் வந்த புள்ளிகளை மருந்தின் தலையில் கட்டினால் நல்ல மருந்தையே நிறுத்திவிடுவோம். அதனால் தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு புது அடிப்படை ஸ்கேன் எடுப்பது அவசியம் என்பேன்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. சிலருக்கு உடலே இன்டர்ஃபெரானை அந்நியமாக நினைத்து எதிர்பொருள்களை உண்டாக்கி முடக்கிவிடும். ஊசி போட்டதும் செல்களில் எம்.எக்ஸ்.ஏ. என்ற புரதம் கூட வேண்டும். கூடவில்லையென்றால் மருந்து செல்லை எட்டவே இல்லை. வேறு பெயரில் வரும் இன்டர்ஃபெரானுக்கு மாறியும் பயனில்லை, அதே எதிர்பொருள்கள் அதையும் பிடித்துவிடும். எம்.எக்ஸ்.ஏ. கூடியும் புதிய புள்ளிகள் வந்தால், மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது, நோய்தான் வேறு வழியில் ஓடுகிறது.