கோனோசைட் எனும் வித்துக்கலம்

கருவாக இருக்கும் உயிரின் உடலில், பிற்காலத்தில் இனப்பெருக்கத்திற்கென்றே ஒதுக்கப்பட்ட ஆதிச் செல்களில் ஒரு நிலையைக் குறிக்கும் சொல் கோனோசைட். கிரேக்க மொழியில் 'கோனோஸ்' என்றால் வித்து, பிறப்பு, சந்ததி. 'கைட்டோஸ்' என்றால் உட்குழிந்த பாண்டம். இந்த இரண்டாவது சொல்தான் உயிரியலில் 'சைட்' என்ற ஈறாகிச் செல்லைக் குறிக்கிறது.

பழைய நூல்களில் ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா ஆதி இனப்பெருக்கச் செல்களையும் கோனோசைட் என்றே எழுதினார்கள். இன்று பொருள் குறுகிவிட்டது. ஆண் கருவின் விரைக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பெயர். வந்து சேரும் வரை அது 'பிரைமார்டியல் ஜெர்ம் செல்', அதாவது ஆதி இனப்பெருக்கச் செல். இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் ஒரு நீண்ட பயணமே மறைந்துவிடுகிறது என்பதால் இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துகிறேன்.

சுண்டெலியைப் பார்ப்போம். கரு உருவான ஆறாம் நாளையொட்டி, அருகிலுள்ள திசு சுரக்கும் பிஎம்பி4 என்ற புரதம் கருவின் சில செல்களைத் தூண்டுகிறது. ஏழாம் நாள் கடந்ததும் ஏறத்தாழ 40 செல்கள் தனிக்கூட்டமாகத் தெரிகின்றன. அப்போது விரையும் இல்லை, சூலகமும் இல்லை. கருவின் பின்முனையில், அல்லன்டாயிஸ் எனும் பையின் அடியில் இருக்கும் அவை, பின்குடலின் சுவர் வழியே நகர்ந்து, குடல்தாங்கிச் சவ்வைக் கடந்து, பத்து பதினொன்றாம் நாளில் இனப்பெருக்கச் சுரப்பி உருவாகும் மேட்டை அடைகின்றன. போகும் வழியிலேயே பெருகவும் செய்கின்றன. மனிதக் கருவில் இவை நான்காம் வாரத்தில் கருவுணவுப் பையின் சுவரில் தென்படுகின்றன. சேருமிடம் அடைவது ஐந்து, ஆறாம் வாரங்களில். கோழிக் கருவிலோ இரத்த ஓட்டத்தில் ஏறிப் போகின்றன.

பழ ஈயின் கதை முற்றிலும் வேறு. முட்டையின் பின்முனையில் தாய் முன்கூட்டியே வைத்த தனிச் சைட்டோபிளாசத்தை, அதாவது செல்லின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ்மப் பொருளை, பெறும் செல்களே இனப்பெருக்கச் செல்களாகின்றன. தூண்டுதல் எதுவும் தேவையில்லை. இப்படித் தாயிடமிருந்து பெறுவது ஒரு வழி, அண்டைத் திசுவின் தூண்டலால் ஆவது இன்னொரு வழி. பாலூட்டிகள் இரண்டாம் வகை.

வழி தவறியவை பெரும்பாலும் மடிகின்றன. தப்பியவற்றில் சில பிற்காலத்தில் கட்டிகளாகலாம் என்று கருதுகிறார்கள். மார்புக்கூட்டின் நடுவே, இனப்பெருக்க உறுப்புக்கு எட்டாத தொலைவில், இவ்வகைக் கட்டிகள் தோன்றுவதற்கு இதையே ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள்.

விரைக்குள் நுழைந்ததும் செல் கோனோசைட் ஆகிறது. வளரும் இனப்பெருக்கச் செல்களைத் தாங்கிப் பேணும் செர்டோலி செல்கள் சூழ்ந்த, கயிறு போன்ற நாண்களின் நடுவே அமர்ந்து, பிரிவதை நிறுத்திக் காத்திருக்கிறது. பிறந்த பின் நாணின் ஓரத்துக்கு நகர்ந்து, விந்தணுக்களுக்குத் தாயாகும் ஸ்பெர்மட்டோகோனியமாக மாறுகிறது. மனிதக் குழந்தையில் இந்த மாற்றம் முதல் சில மாதங்களில் நடக்கிறது. விரை இறங்காத குழந்தைகளில் இது தடைபடுகிறது. 18 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடும்படி மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோர் தள்ளிப்போடக் கூடாத விஷயம் இது.

இனி தமிழ்ப் பெயர். 'ஜெர்ம்' என்றதும் கிருமி என்று எழுதிவிடுவது பெரும் பிழை. இங்கே அதன் வேர் லத்தீன் 'ஜெர்மென்', அதாவது முளை, தளிர். நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. 'இனச்செல்' என்றால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது விந்தணு, முட்டை ஆகிய கேமீட்டைக் குறித்துவிடும். 'மூலச்செல்' ஏற்கெனவே ஸ்டெம் செல்லுக்கு வழங்குகிறது.

எனவே கோனோசைட்டுக்கு 'வித்துக்கலம்' என்பது என் தேர்வு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் செல் என்பது கலம்தான். கலம் என்றால் பாண்டமும் ஆகும். கோனோஸுக்கு வித்து, கைட்டோஸுக்குக் கலம் என்று கிரேக்கத்தின் இரு பாதிகளும் சேதமின்றித் தமிழில் அமர்கின்றன. செல் என்றே பழகியவர்கள் 'வித்துச்செல்' எனலாம். பயணத்தில் இருப்பதை 'முதல் வித்துக்கலம்' என்றும், விரைக்குள் வந்தபின் 'வித்துக்கலம்' என்றும் பிரித்து எழுதலாம். பெண் கருவில் சூலகத்தை அடைந்த செல், முட்டைகளுக்குத் தாயாகும் ஊகோனியம் ஆகிவிடுவதால், அந்நிலைக்கு இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.